ஏழாம் நம்பர் மலையில் பிடுங்கிய கொடி

அந்தக் கொடி ரோட்டில் இருக்கவில்லை. ரோட்டிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, மண் கரையில், முதல் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியில் கட்டியிருந்தது. முழுக் கொடியும் இல்லை. கிழித்த பாதி.

லொறியின் பின்தட்டில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் சார்ஜன்ட். மழை விட்டு வெயில் வந்த நேரம். தட்டில் குவிந்து கிடந்த கொடிகளிலிருந்து ஈரத் துணி வாசம் வந்தது. போஸ்டர் கிழித்துக் கிழித்து எங்கள் கையெல்லாம் பசை காய்ந்து, தோல் உரிகிற மாதிரி இருந்தது.

சார்ஜன்ட் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "ஏக்கத்" என்றார். அதையும் எடு என்று அர்த்தம்.

நான் குதித்துக் கரையில் ஏறினேன். குச்சியோடு பிடுங்கி லொறியில் போட்டேன். லொறி கிளம்பியது.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அதே மலையில் கொழுந்து எடுக்கப் போன அக்கா, குளவி கொட்டிச் செத்துப்போனாள்.

இந்தத் தொடரில் இதைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் எட்டாம் ஆண்டோடு நின்றவன். போனில் பேசி அனுப்புகிறேன், பத்திரிகையில் இருக்கிற ஓர் அண்ணன் அதை எழுத்தாக்குகிறார். அவர்தான் போன வாரம் கேட்டார்: "அக்காவோட ஹட்டனுக்குப் போனதச் சொன்னீங்க, சப்பாத்து வாங்கினதச் சொன்னீங்க. அக்கா எப்படி செத்தாங்கன்னு இன்னும் சொல்லவே இல்லியே தம்பி."

சொல்கிறேன். எங்கள் தோட்டத்தின் பெயரையும் டவுனின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கொடியின் நிறத்தையும் சொல்லவில்லை. சொன்னால் கட்சி தெரிந்துவிடும். பிறகு கதை அந்தப் பக்கம் போய்விடும்.

கொடித் துணி

தேர்தல் வந்தால் ரோட்டில் கொடி, போஸ்டர், கட்டவுட் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ராத்திரி கட்சிக்காரர்கள் கட்டுவார்கள், பகலில் பொலிஸ் ஆள் வைத்துக் கழற்றும். நான் டவுனில் டயர் கடையில் வேலை செய்கிறேன். முதலாளி வீட்டில் கல்யாணம் என்று கடை நாலு நாள் பூட்டு. சும்மா இருக்க வேண்டாமே என்று லொறியில் ஏறினேன்.

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தேர்தலில், யூகலிப்டஸ் மரத்தில் யார் கொடி மேலே, யார் கொடி கீழே என்று தோட்டத்து வரிசை வீடுகளான மேல்லயத்துக்கும் கீழ்லயத்துக்கும் சண்டை. கீழ்லயத்து அண்ணன் ஒருவருக்குக் கை முறிந்தது. இன்றைக்கும் அவர் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட மாட்டார்.

ஆனால் கொடி என்றால் எங்களுக்குக் கட்சி மட்டும் இல்லை. அது நல்ல துணி. சும்மா கிடைக்கிற துணி. தலையணை உறை தைப்பார்கள், ஜன்னலுக்குக் கட்டுவார்கள். கூடைக் கயிறு நெற்றியில் அறுக்காமல் இருக்க மடித்து வைத்துக்கொள்வார்கள். தோற்ற கட்சிக் கொடிதான் எங்கள் லயத்தில் அதிகம். ஜெயித்தவர்கள் ஊர்வலம் போகக் கொடியைத் திருப்பிக் கேட்டு வருவார்கள், தோற்றவர்கள் வரமாட்டார்கள்.

குளவிக் கூட்டைக் கண்டால் எங்கள் பெண்கள் ஒன்று செய்வார்கள். தேயிலை நிரையின் தலைப்பில் ஒரு குச்சி நட்டு அதில் துணி கட்டுவார்கள். பெரும்பாலும் சிவப்புத் துணி, இல்லாவிட்டால் உரப்பைக் கிழிசல். பிறகு கண்டாக்கையாவிடம் சொல்வார்கள். யார் எந்த மலையில் வேலை செய்வது என்று காலையில் பிரித்துக் கொடுக்கிற வெளிக்கள உத்தியோகத்தர்தான் கண்டாக்கு. காலையில் வேலைக்குப் பெயர் போடக் கூடுகிற பெரட்டுக்களத்தில் அவர் எல்லாருக்கும் சொல்வார். இந்த வழக்கம் எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பாக்கியம் அக்கா கூட்டைக் கண்டிருக்கிறார். கையில் வேறு துணி இல்லை. நெற்றிக்கு வைத்திருந்த கொடியைப் பாதியாய்க் கிழித்துக் கட்டிவிட்டு, கண்டாக்கையாவிடமும் சொல்லிவிட்டு, அடுத்த நாள் மகளின் பிரசவத்துக்காக நானுஓயா போய்விட்டார்.

அக்கா தண்ணீர் குடித்தது

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நாட்டில் குண்டு வெடித்த நேரம். ஃபேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் லயத்தில் பாதிப் பேர் போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். போன் கடைக்காரர் சிரித்தே களைத்துப்போனார்.

ஆனால் கதை நிற்கவில்லை. மேல்லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் விஷம் போட்டுவிட்டார்களாம் என்று வாய்வழியாகவே வந்தது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லாரும் பக்கத்து வீட்டுக் காம்பராவைக் காட்டினார்கள். ஒரு நாள் முழுக்க யாரும் பைப் தண்ணீர் குடிக்கவில்லை. பிள்ளைகள் அழுதன.

அக்கா தொட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்து பார்த்தாள், மோந்து பார்த்தாள். தொட்டியைப் பூட்டுகிற ஆளைக் கூப்பிட்டு, பூட்டு உடைந்திருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார். பிறகு செம்பில் மொண்டு எல்லாருக்கும் முன்னால் குடித்தாள்.

"விஜி, ஒனக்குப் பயமா இல்லியாடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பயந்தான். அதான் மொதல்ல போய்ப் பாத்தேன்" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை

அன்று காலைப் பெரட்டில் கண்டாக்கையா இப்படிச் சொன்னாராம்: "ஏழாம் நம்பர்ல ரோட்டோரமா ஒரு கூடு இருக்கு. குச்சி நட்டு துணி கட்டியிருக்கு. குச்சியக் கண்டா கிட்ட போகாதீங்க."

அவர் சொன்னது உண்மை. சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பெண்கள் செடியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் போயிருப்பார்கள். குச்சி இருக்கிறது என்று சொன்னதால் எல்லாரும் குச்சியைத் தேடிக்கொண்டே போனார்கள். குச்சியைக் காணவில்லை. கூடு இன்னும் தள்ளித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். அக்கா முன்னால் போனாள்.

குளவி கிளம்பி எல்லாரும் ஓடுகிறபோது, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, பின்னால் வந்த பெண்ணின் தலையில் போட்டிருக்கிறாள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். அக்காவைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் டயர் கடையிலிருந்து ஓடிப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். அவளுடைய கையை மட்டும் பார்த்தேன். விரலெல்லாம் கொழுந்துக் கறை, அப்படியே இருந்தது.

அக்கா புருஷன், என் மச்சான், கொழும்பில் ஒரு கடையில் வேலை. ரயிலில் வந்து சேர்ந்தார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், வாசலில் உட்கார்ந்து சொன்னார்: "தம்பி, தர்ஷினி ஒன்கிட்டயே இருக்கட்டும். ஸ்கூல மாத்த வேணாம். புள்ளைக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா."

தர்ஷினி அக்காவின் மகள். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்ததிலிருந்து எங்கள் காம்பராவில்தான் இருக்கிறாள். நான் தலையாட்டினேன். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

கஜனின் வீடியோ

கஜன் என் கூட்டாளி. அடக்கத்தன்றே வீடியோ போட்டுவிட்டான். "குச்சி கட்டியிருக்குன்னு பொய் சொல்லி எங்க அக்காவ அனுப்பிட்டாரு. கொன்னது குளவி இல்ல, கண்டாக்கு" என்று அழுதுகொண்டே சொன்னான். அழுகை உண்மைதான். அக்கா கையால் அவனும் சாப்பிட்டிருக்கிறான்.

இரண்டு நாளில் எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். கண்டாக்கையா வீட்டு ஜன்னலுக்குக் கல் வந்தது. அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவர் வெளியே வந்து, பாக்கியம்தான் கட்டினாள், அவளைக் கேளுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். "அப்ப குச்சி எங்க ஐயா? குளவி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்.

அதற்கு அடுத்த நாள்தான் பாக்கியம் அக்கா நானுஓயாவிலிருந்து வந்தார். நேராக எங்கள் காம்பராவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் கட்டுனேன்டா தம்பி, சத்தியமா கட்டுனேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. கண்டாக்கு பக்கம் சாஞ்சிட்டேன்னு ஏசுறாங்க. செவப்புத் துணி இல்லாம, தலைக்கு வச்சிருந்த கொடியத்தான் கிழிச்சு கட்டுனேன்."

"என்ன கொடிக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் போன பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். தர்ஷினி வந்து பசிக்கிறது என்றாள். ரொட்டி தட்டிக் கொடுத்தேன். சொன்னால் இவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் வீட்டுக்கு இன்னும் கல் போகும். இதைத் தவிர வேறு ஒன்றும் மண்டையில் ஓடவில்லை.

மறுநாள் கஜனிடம் போய், வீடியோவை எடுத்துவிடு என்றேன்.

"ஏன்? பொலிஸ் லொறியில ஏறுனதும் பொலிஸ்காரன் ஆயிட்டியா? நம்மாளு பேசவே கூடாதா? இத்தன வருசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தது போதாதா?"

"பேசு. ஆனா அது பொய்டா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வேற யாருக்கும் சொன்னியா?" என்றான். இல்லை என்றேன். "சொல்லாத. தோட்டத்துல இருக்க முடியாது" என்றான். அதுவரை பேசு பேசு என்று சொன்னவன்.

இனந்தெரியாதவன்

சாவைப் பற்றி வாக்குமூலம் எடுக்கப் பொலிஸில் கூப்பிட்டார்கள். சார்ஜன்ட் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. பேனையை மூடி வைத்தார். தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது என்றார். அந்த வீடியோ போட்ட பையனைச் சட்டப்படி உள்ளே போடலாம், போடாமல் இருப்பதே உங்கள் ஆட்கள் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் என்றார். இப்போது பொலிஸ்தான் குச்சியைப் பிடுங்கியது என்று வெளியே போனால் கண்டாக்கு வீட்டுக்குப் போன கல் இங்கே வரும், இத்தனை தோட்டத்துக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்கள் என்றார். தேர்தல் முடியட்டும், பிறகு பேசலாம், நீயும் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியென்று பட்டது. அந்தப் பாதியில் எனக்கும் லாபம் இருந்தது.

சிங்களத்தில் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அங்கே சாதாரண பொலிஸ்காரர், தமிழ்க் கொஸ்தாப்பர் ஒருவர் இருந்தார். வாசித்துக் காட்டுங்க சேர் என்றேன். அவர் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "இனந்தெரியாத ஒருவரால் அடையாளக் குச்சி அகற்றப்பட்டிருக்கலாம் என..."

"இனந்தெரியாதவன் யாரு சேர்? நான்தான் முன்னுக்கு நிக்கிறேனே" என்றேன்.

கொஸ்தாப்பர் ஓ.ஐ.சி.யைப் பார்த்தார். ஓ.ஐ.சி. ஜன்னலைப் பார்த்தார். எழுது என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். கொஸ்தாப்பர் புதிதாகத் தமிழில் எழுதினார். என் பெயர், வெள்ளிக்கிழமை, லொறி, சார்ஜன்ட் சொன்னது எல்லாம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"இது எல்லாருக்கும் தெரிய வருமா சேர்?"

"பொத்தகத்துல இருக்கும் தம்பி."

"பொத்தகத்த யாரு பாப்பா?"

"நாங்கதான்" என்றார்.

பெரட்டு

அடுத்த நாள் காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. பெண்கள் கூடையோடு நின்றார்கள். கண்டாக்கையா தலையைக் குனிந்து பெயர் போட்டுக்கொண்டிருந்தார். மச்சானும் வந்து ஓரமாய் நின்றார். அவருக்கு முதலில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "குச்சி இருந்துச்சு. பாக்கியக்கா கட்டுனது உண்ம. கண்டாக்கையா சொன்னதும் உண்ம. வெள்ளிக்கெழம பொலிஸ் லொறியில வந்து நான்தான் புடுங்குனேன். கட்சிக் கொடின்னு நெனச்சுட்டேன்."

அக்காவோடு வேலை செய்த ஒருத்தி, "ஒன்னத் தூக்கி வளத்தவடா அவ" என்றாள். பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

பாக்கியம் அக்காதான் நடுவில் வந்தார். "விடுங்க அவன. கூடு இன்னும் அங்கயேதான் இருக்கு. இத்தன நாளா வீடியோ பாத்தீங்க, கல்லு எறிஞ்சீங்க, என்னைய ஏசுனீங்க. ஒருத்தராச்சும் போயி திரும்ப ஒரு குச்சி நட்டீங்களா?"

நடவில்லை. ஒருவரும் நடவில்லை. நானும்தான். சட்டையைப் பிடித்தவர் கையை எடுத்தார். கண்டாக்கையா இரண்டு ஆம்பளைகளைக் கூப்பிட்டு ஏழாம் நம்பருக்கு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமேப்பா" என்றார். இப்போது அவர் மாற்றம் கேட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பொலிஸுக்கு யாரும் கல் எறியவில்லை. தேர்தலும் நடந்து முடிந்தது.

கஜன் முதல் வீடியோவை எடுத்துவிட்டு, நான் சொன்னதை வைத்து இன்னொன்று போட்டான். அதை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை. முதல் வீடியோ இன்னும் வேறு வேறு ஆட்களின் போனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "என்னோடதத்தான் என்னால எடுக்க முடியும்டா" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை

பெரட்டில் சொன்ன அன்று மத்தியானமே மச்சான் தர்ஷினியின் துணிமணிகளை எடுத்து வைத்தார். மஸ்கெலியா பஸ் வருகிற வரைக்கும் ரோட்டில் நின்றோம். "நீ சொன்னது சரிதான் தம்பி. ஆனா ஒன் மொகத்தப் பாக்க முடியல" என்றார். பிள்ளையைத் தன் அம்மா வீட்டில் விட்டிருக்கிறார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். கண்டாக்கையா மகள் பள்ளிக்கூடம் போகாமல் ஜன்னலோரம் நின்றது ஞாபகம் வரும். அப்போது அப்படி நினைக்க முடியாது. மறுநாள் திரும்பவும் நினைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் அங்கே வரும்போது தர்ஷினியிடம் போனைக் கொடுக்கிறார். பள்ளிக்கூடம், புது ஃபிரண்ட், முட்டை பிடிக்காதது எல்லாம் சொல்வாள். போன ஞாயிறு சும்மா பேசிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "மாமா, அது என்னன்னு பாக்காமயா புடுங்குனீங்க?"

கஜனுக்கும் ஓ.ஐ.சி.க்கும் பெரட்டில் எல்லாருக்கும் நான் சொன்னதில் ஒன்றை விட்டிருந்தேன். வாக்குமூலத்திலும் அது இல்லை. குச்சியில் கை வைத்தபோது ஒரு குளவி என் மணிக்கட்டைச் சுற்றிவிட்டுச் செடிக்குள் போனது. அதைப் பார்த்தேன். கிழிந்த கொடி, ரோட்டுக்கு மேலே எதற்கு என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். கீழே லொறி உறுமிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய், சேர், இது கொடி இல்லை போல என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது.

"பாத்தேன்மா" என்றேன். "பாத்துட்டுத்தான் புடுங்குனேன்."

அவள் போனை வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை.